தமிழில் அபுனைவு நூல்கள்

அபுனைவு நூல்கள் என்பன, கற்பனைக் கதையைக் கூறாது, உண்மையில் நிகழ்ந்தவற்றையும், உலகில் உள்ளவற்றையும், மனிதர் செய்து பார்க்கத்தக்கவற்றையும் பொருளாகக் கொண்டு எழுதப்படும் நூல்கள் ஆகும். வரலாறு, அரசியல், வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, பயணம், அறிவியல், மருத்துவம், சட்டம், வணிகம், வேளாண்மை, சமையல் முதலிய துறைகளைச் சார்ந்த நூல்கள் இவ்வகையுள் அடங்கும். மாநில அரசியலின் வரலாற்றைக் கூறும் இரண்டு பாக நூலும், வற்றல் குழம்பு வைக்கும் முறையைக் கூறும் நாற்பது பக்கச் சிறுநூலும் இந்த ஒரே பெயரின் கீழ் வருகின்றன.

இவ்விரண்டிற்கும் பொதுவாக உள்ள பண்பு ஒன்று உண்டு. இவை கூறுவது சரியா என்று வாசகர் நூலுக்கு வெளியே சென்று சரிபார்க்க இயலும். புதினத்தில் வரும் ஊர் உலகில் இல்லாதிருக்கலாம், அது குறையன்று. அபுனைவு நூலில் வரும் ஊரும், ஆண்டும், அளவும் உண்மையாக இருத்தல் வேண்டும். மேலும், அவை எழுதப்பட்ட காலத்தில் சரியாக இருந்து பின்னர் மாறிப் போகவும் கூடும். ஆகவே ஓர் அபுனைவு நூலைப் பயன்படுத்துவோர் அது எந்த ஆண்டில், எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்பதை அறிந்திருப்பது இன்றியமையாதது. இதனை விளக்க, திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள மீஞ்சூர் என்னும் ஊர் இக்கட்டுரையின் பிற்பகுதியில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பெயர்

இவ்வகை நூல்களைக் குறிக்கத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் வழங்குகின்றன. அபுனைவு, புனைவிலி, புனைவல்லா இலக்கியம் என்பன அவற்றுள் சில. 'அ' என்னும் எதிர்மறை முன்னொட்டு வடமொழி வழி வந்தது என்பதால் சிலர் 'புனைவிலி' என்பதையே விரும்புவர். பதிப்பகத்தாரிடையும் விற்பனையாளரிடையும் 'கட்டுரை நூல்', 'பொது நூல்' என்ற பெயர்களும் உள்ளன. இச்சொற்களில் பல, ஒன்றை அது அல்லாத மற்றொன்றால் அடையாளம் காட்டுகின்றன. கதையும் கவிதையுமே இலக்கியம் என்றும், ஏனையவை எஞ்சியவை என்றும் கருதும் வழக்கம் இப்பெயர்களிலேயே தெரிகிறது.

நூலகங்களில் நிலைமை நேர்மாறானது. தியூயி தசம வகைப்பாட்டில் இலக்கியத்துக்கு 800 முதல் 899 வரையுள்ள எண்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. ஏனைய ஒன்பது பெரும் பிரிவுகளும் அபுனைவுக்கே உரியன. அதில் அரசியல் நூல்கள் 320 என்னும் எண்ணின் கீழும், சமையல் நூல்கள் 641.5 என்னும் எண்ணின் கீழும் அடுக்கப்படுகின்றன.

வரலாறு

தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சிடப்பட்ட முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளியானது. 16 பக்கங்களைக் கொண்ட இச்சமயச் சிறுநூல், கதை அன்று. கிறித்தவ சமயத்தை உரைநடையில் விளக்குவது. அவ்வகையில் தமிழ் அச்சு வரலாறே ஓர் அபுனைவு நூலுடன் தொடங்குகிறது எனலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் நிறுவப்பட்ட அச்சகம் சமய நூல்களுடன் வேறு பொருள் பற்றிய நூல்களையும் வெளியிட்டது. எனினும், 1835இல் அச்சகம் நடத்துவதற்கிருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னரே இந்தியர் தாமே அச்சகங்களைப் பெருமளவில் நிறுவினர்.

19ஆம் நூற்றாண்டில் துறைசார் அறிவைத் தமிழில் தருவதற்கான குறிப்பிடத்தக்க முயற்சி யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் முதலியன குறித்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழில் ஆக்கினர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' (1902), சென்னையில் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' (1910) ஆகியன நவீனத் தமிழ்க் கலைக்களஞ்சியங்களுக்கு முன்னோடிகளாகும்.

சென்னையில் இதே காலத்தில் மலிவு விலைச் சிறுநூல்களின் வணிகமும் வளர்ந்தது. பூங்கா நகரை ஒட்டிய குஜிலிக் கடைத்தெருவில் சிந்து, கும்மி, ஒப்பாரி வடிவங்களில் அன்றாடச் செய்திகளைக் கூறும் நூல்கள் காலணா, அரையணா விலையில் விற்கப்பட்டன. இரயில் விபத்து, புயல், கொலை வழக்கு போன்றவை அவற்றின் பொருளாயின. பாட்டு வடிவில் அமைந்திருந்தாலும் அவை செய்தியைத் தந்தமையால் அபுனைவின் எல்லையில் நிற்பவை. வட சென்னையில் கொண்டித்தோப்பிலிருந்து இயங்கிய பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் நிறுவனம், பெரிய எழுத்துக் கதை நூல்களுடன் சித்த மருத்துவம், சோதிடம் பற்றிய நூல்களையும் வெளியிட்டு ஊர்ப்புறச் சந்தைகள் வரை கொண்டு சென்றது.

விடுதலைக்குப் பின் மிகப் பெரிய முயற்சி 'கலைக்களஞ்சியம்' ஆகும். 1946இல் தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை இதனைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. 1960களிலும் 1970களிலும் கல்லூரிகளில் தமிழ்வழிக் கல்வி தொடங்கியதை ஒட்டி, இயற்பியல், பொருளியல், வரலாறு முதலிய துறைகளில் நூற்றுக்கணக்கான பாடநூல்கள் அரசால் வெளியிடப்பட்டன. 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிடப்பட்ட சோவியத் நூல்களைக் குறைந்த விலையில் விற்றது. யா. பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' அவற்றுள் நன்கு அறியப்பட்டதாகும். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததுடன் இவ்வரவு நின்றது.

தன்முன்னேற்றம், தொழில், உடல்நலம் பற்றிய கையேடுகளைப் பரவலாக்கியதில் தமிழ்வாணன் 1955இல் நிறுவிய மணிமேகலைப் பிரசுரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வார இதழ்களில் தொடராக வந்த கட்டுரைகளும் பின்னர் நூல்களாயின. எழுத்தாளர் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' ஜூனியர் விகடனில் வாசகரின் அறிவியல் வினாக்களுக்கு அளித்த விடைகளின் தொகுப்பாகும். 2004இல் பத்ரி சேஷாத்ரி, கே. சத்யநாராயண் ஆகியோர் தொடங்கிய கிழக்கு பதிப்பகம், அபுனைவையே முதன்மையாகக் கொண்டு அரசியல் வரலாறு, வாழ்க்கை வரலாறு, பங்குச் சந்தை, உடல்நலம் எனப் பல துறைகளில் நூல்களை வெளியிட்டது. துறைவாரியாக நலம், வரம், பிராடிஜி போன்ற தனிப் பதிப்புப் பெயர்களையும் அது பயன்படுத்தியது.

அபுனைவு நூல்களுக்கு இலக்கிய ஏற்பும் கிடைத்துள்ளது. தமிழுக்கான முதல் சாகித்திய அகாதமி விருது 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழ் இன்பம்' என்னும் கட்டுரைத் தொகுப்புக்கே வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுக்கான விருது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் வரலாற்று ஆய்வு நூலுக்கு வழங்கப்பட்டது.

அரசியல் நூல்கள்

தமிழில் அரசியல் நூல்கள் பெரும்பாலும் இதழ்களிலிருந்தும் மேடைகளிலிருந்தும் பிறந்தவை. 1925இல் பெரியார் ஈ. வெ. இராமசாமி தொடங்கிய 'குடி அரசு' இதழைச் சார்ந்து பல சிறுநூல்கள் வெளிவந்தன. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்புப் பற்றிய உரை, விரைவிலேயே குடி அரசில் தமிழில் தொடராக வெளிவந்து நூலாகவும் ஆக்கப்பட்டது. ஓரணா, இரண்டணா விலையுள்ள இத்தகைய சிறுநூல்கள் கட்சிக் கூட்டங்களில் விற்கப்பட்டன. படிப்பகங்களில் உரக்கப் படிக்கப்பட்டன. எழுத்தறியாதவரும் அவற்றின் வாசகராயினர்.

மாநில அரசியல் குறித்த நூல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தலைவர்களின் தன்வரலாறுகள். திரு. வி. கலியாணசுந்தரனாரின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' (1944), 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க காலத்தை அறிய உதவுவது. ம. பொ. சிவஞானத்தின் 'எனது போராட்டம்' (1974) வட எல்லைப் போராட்டத்தை விவரிக்கிறது. அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கவிஞர் கண்ணதாசனின் 'வனவாசம்', மு. கருணாநிதியின் ஆறு பாகங்கள் கொண்ட 'நெஞ்சுக்கு நீதி' ஆகியனவும் இவ்வகையின.

இரண்டாவது, கொள்கை விளக்க நூல்கள். 1969இல் மாநில அரசு அமைத்த இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை அளித்தது. அதனையொட்டி எழுந்த விவாதத்தின் போது வெளியான முரசொலி மாறனின் 'மாநில சுயாட்சி' (1974) இவ்வகைக்கு எடுத்துக்காட்டு.

மூன்றாவது, ஆய்வு நூல்கள். எஸ். வி. ராஜதுரை, வ. கீதா ஆகியோரின் 'பெரியார்: சுயமரியாதை சமதர்மம்' (1996), ஆர். முத்துக்குமாரின் 'திராவிட இயக்க வரலாறு' ஆகியவற்றை இங்குக் குறிப்பிடலாம்.

தன்வரலாறு ஒரு முதன்மைச் சான்று என்றபோதிலும், அது ஒருவருடைய பார்வை மட்டுமே. 1959ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சித் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற வெற்றியைப் பாராட்டும் கூட்டத்தில் கருணாநிதிக்கு அண்ணா கணையாழி அணிவித்தார். இந்நிகழ்ச்சியைக் கருணாநிதி பெருமைக்குரிய நினைவாக எழுதினார். கண்ணதாசன் கட்சியிலிருந்து விலகிய பின் எழுதிய வனவாசத்தில் அது வேறு பொருளில் கூறப்படுகிறது. ஒரே மேடையில் இருந்த இருவர் ஒரே மோதிரத்தைப் பற்றி இருவேறு விதமாக எழுதியுள்ளமையால், இரண்டையும் படித்தவரே அந்நிகழ்ச்சியைப் பற்றிக் கூறத் தகுதியுடையவர் ஆகிறார்.

சமையல் நூல்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே 'பாக சாஸ்திரம்' என்ற பெயரில் சமையல் நூல்கள் தமிழில் அச்சாயின. எனினும், மிகப் பரவலாக அறியப்பட்ட தமிழ்ச் சமையல் நூல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஆகும். இதன் முதற்பாகம் 1951இல் வெளியானது. உறவினர் பலரும் கடிதம் மூலம் சமையல் குறிப்புகளைக் கேட்டு வந்தமையால், அவற்றை நூலாக்கும்படி அவருடைய சிறிய தகப்பனார் முறையான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் அறிவுறுத்தினார். அடுத்தடுத்த பாகங்களும், பின்னர் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. திருமணமாகி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் பெண்களுக்கு இந்நூலைக் கொடுத்தனுப்புவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று.

இந்நூல் தோன்றிய சூழல் கவனிக்கத்தக்கது. கூட்டுக் குடும்பத்தில் தாயிடமும் மாமியாரிடமும் பார்த்துக் கற்ற ஒன்றை, பணி நிமித்தம் தனிக் குடித்தனம் சென்றவர்கள் எழுத்தின் வழியே கற்க நேர்ந்தது. 'கைப்பிடி', 'கண்ணளவு', 'கொஞ்சம்' என்று சொல்லி வந்ததை எடையாகவும் முகத்தலளவாகவும் மாற்ற வேண்டிய தேவை அதனால் ஏற்பட்டது. வாய்மொழி அறிவு அபுனைவு நூலாக மாறும்போது நிகழும் முதன்மையான மாற்றம் இதுவே.

இந்த அளவைகளும் காலத்தால் மாறின. சென்னை மாகாணத்தில் வழங்கிய பழைய எடையளவுகள் பின்வருமாறு:

1 தோலா (ஒரு ரூபாய் எடை) = சுமார் 11.66 கிராம்
1 பலம் = 3 தோலா = சுமார் 35 கிராம்
1 சேர் = 8 பலம் = சுமார் 280 கிராம்
1 வீசை = 5 சேர் = சுமார் 1.4 கிலோகிராம்
1 மணங்கு = 8 வீசை = சுமார் 11.2 கிலோகிராம்

'ரூபாய் எடை' என்பது அக்கால வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடையாகும். தராசு இல்லாத வீட்டிலும் நாணயம் இருந்தமையால் இது வசதியான அளவாயிற்று. முகத்தலளவையில் 8 ஆழாக்கு ஒரு படியாகும். ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. சென்னையில் வழங்கிய பட்டணம் படி சுமார் 1.7 லிட்டர் கொண்டது; வேறு பல பகுதிகளில் வழங்கிய படி இதனினும் சிறியது. எனவே, 'ஓர் ஆழாக்கு அரிசி' என்று ஒரு பழைய நூலில் காணப்பட்டால், அது எந்த ஊர் ஆழாக்கு என்று அறியாமல் தண்ணீரின் அளவை முடிவு செய்ய இயலாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதன்பின் பழைய சமையல் நூல்கள் அளவுகளை மாற்றி மீண்டும் வெளியிடப்பட வேண்டியதாயிற்று. விறகடுப்பிற்கும் அம்மிக்கும் எழுதப்பட்ட செய்முறைகள், எரிவாயு அடுப்பு, அழுத்தக் கொப்பரை, மின் அரைப்பான் ஆகியன வந்தபின் மீண்டும் ஒருமுறை மாறின.

சமையல் நூல் ஒன்று எந்த அடுக்களையிலிருந்து எழுதப்பட்டதோ, அந்த அடுக்களையையே பெரிதும் காட்டும். 'சமைத்துப் பார்' தமிழ்ப் பிராமணர் வீட்டுச் சைவச் சமையலின் பதிவாகும். காசிமேடு, எண்ணூர், பழவேற்காடு போன்ற மீனவர் பகுதிகளின் சமையலையோ, 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வட சென்னையில் குடியேறியவர்கள் கொண்டு வந்த அத்தோ போன்ற உணவுகளையோ அதில் எதிர்பார்க்க இயலாது. 'தமிழர் சமையல்' என்னும் தலைப்புள்ள ஒரு நூலைச் சான்றாகக் கொள்பவர், அது எவருடைய சமையல் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நூல் வாசகரை அடையும் வழிகள்

அரசியல் நூலும் சமையல் நூலும் பெரும்பாலும் ஒரே வழிகளில் வாசகரை அடைகின்றன.

பொது நூலகம்: 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டமாகும். நூலகவியலாளர் சீ. இரா. அரங்கநாதனின் (1892-1972) முயற்சி இதற்குப் பின்புலமாக இருந்தது. சொத்து வரியுடன் சேர்த்து வாங்கப்படும் நூலக வரியால் மாவட்ட மைய நூலகங்களும் கிளை நூலகங்களும் நடத்தப்படுகின்றன. நூலகத் துறை பதிப்பகங்களிடமிருந்து ஒரே நேரத்தில் பல நூறு படிகளை வாங்குவது 'நூலக ஆணை' எனப்படும். சிறு பதிப்பகங்கள் பல இதனை நம்பியே நூல்களை அச்சிடுகின்றன. ஆணை தாமதமாகும் ஆண்டுகளில் புதிய நூல்களின் எண்ணிக்கையும் குறைவது இயல்பு.

புத்தகக் காட்சி: தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1977இல் சென்னையில் முதல் புத்தகக் காட்சியை நடத்தியது. பொங்கலை ஒட்டி நடைபெறும் இக்காட்சி, பிற்காலத்தில் பதிப்பகங்கள் தம் புதிய நூல்களை வெளியிடும் முதன்மையான காலமாக மாறியது.

இதழும் கடையும்: வார இதழ்த் தொடர்கள், பேருந்து நிலையக் கடைகள், இரயில் நிலையப் புத்தகக் கடைகள், பழைய புத்தகக் கடைகள் ஆகியன நூலகமோ பெரிய புத்தகக் கடையோ இல்லாத ஊர்களின் வாசகருக்கு உதவின.

ஓர் எடுத்துக்காட்டு: மீஞ்சூர்

மீஞ்சூர், சென்னைக்கு வடக்கே, சென்னை சென்ட்ரல் - கூடூர் இரயில் பாதையில் அமைந்துள்ள பேரூராகும். ஏகாம்பரநாதர், வரதராசப் பெருமாள் ஆகியோர் கோயில்கள் இருப்பதால் 'வட காஞ்சி' என்றும் அழைக்கப்படுகிறது. மீஞ்சூரைப் பற்றி அறிய விரும்பும் மாணவர் ஒருவர், வெவ்வேறு காலத்து நூல்களில் அதனைத் தேடுவதாகக் கொள்வோம்.

1969க்கு முன் அச்சான நூல், மீஞ்சூர் சென்னை மாநிலத்தில் உள்ளது என்று கூறும். அவ்வாண்டு சனவரியில் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது. 1997க்கு முன் அச்சான நூல், மீஞ்சூரைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் வைக்கும். அவ்வாண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் உருவாயின. ஊர் நகரவில்லை, எல்லைகளும் பெயர்களுமே மாறின. இந்நூல்களில் எதுவும் பிழையானது அன்று.

நிலத்தடி நீரைப் பற்றித் தேடினால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ஆரணியாறு - கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றின் அடிப்படையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு, சென்னை நகருக்கும் அதன் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. அக்காலத்து நூலில் மீஞ்சூர் நன்னீர் மிகுந்த பகுதியாகும். மழையால் ஊறும் அளவினும் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டதால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழே சென்றது. கடல்நீர் மணற்படுகைகளின் வழியே பல கிலோமீட்டர் உள்நோக்கி வந்தது. அடுத்த தலைமுறை நூலில் மீஞ்சூர், கடல்நீர் உட்புகுதலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் ஊராகும். 2010இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டு, அதுவும் மீஞ்சூரின் பெயராலேயே வழங்கியது. மூன்றாம் தலைமுறை நூலில் மீஞ்சூர் என்றவுடன் நினைவுக்கு வருவது இந்நிலையமே.

நிலத்தடி நீரை நகரம் எடுத்ததும், அந்நீர் உவர்த்ததும், பின்னர் கடல்நீரைச் சுத்திகரித்ததும் ஒரே வரலாற்றின் மூன்று பகுதிகள். ஆயினும், இவற்றை விளக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கில அறிக்கைகளாகவே உள்ளன. கிணற்று நீர் உவர்த்துப் போனவரின் பிள்ளைகள் பள்ளியில் தமிழில் படிக்க, அதற்கான காரணம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் அபுனைவு நூல்களின் தேவையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் உள்ளன. தே. வீரராகவன், சென்னைத் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் செய்த ஆய்வு 'சென்னைப் பெருநகரத் தொழிற்சங்க வரலாறு' என்னும் பெயரில் தமிழில் முதலில் நூலாகி, ஆங்கிலத்தில் 2013இல் வெளியானது. நிவேதிதா லூயிசின் 'வடசென்னை: வரலாறும் வாழ்வியலும்' இப்பகுதியின் ஊர்களையும் மக்களையும் பற்றித் தமிழிலேயே எழுதப்பட்ட நூலாகும்.

நம்பகத்தன்மையை மதிப்பிடுதல்

அபுனைவு நூலொன்றைக் கட்டுரைக்கோ ஆய்வுக்கோ பயன்படுத்தும் மாணவர் பின்வருவனவற்றைக் கவனிப்பது நன்று.

பதிப்பு விவரம்: தமிழில் 'பதிப்பு' என்னும் சொல், திருத்தி எழுதப்பட்ட நூலையும், மாற்றமின்றி மீண்டும் அச்சிடப்பட்டதையும் ஒருசேரக் குறிக்கிறது. 'பத்தாம் பதிப்பு, 2015' என்று இருப்பதால் உள்ளடக்கம் 2015ஆம் ஆண்டிற்குரியது ஆகிவிடாது. முதற்பதிப்பின் ஆண்டையும், 'திருத்திய பதிப்பு' என்ற குறிப்பு உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டே இடம்பெறாத நூல்களில் விலை, மாவட்டப் பெயர், அளவைகள் ஆகியவற்றைக் கொண்டு காலத்தை ஓரளவு கணிக்கலாம். அணாவில் விலை இருந்தால் 1957ஆம் ஆண்டு நாணய மாற்றத்திற்கு முன்னையது எனக் கொள்ளலாம்.

சான்று: ஆசிரியர் தாம் கூறுவதை எங்கிருந்து அறிந்தார் என்பது தெரிய வேண்டும். நேரில் கண்டது, ஆவணத்திலிருந்து எடுத்தது, பிறர் நூலிலிருந்து தொகுத்தது என்பன வெவ்வேறு மதிப்புடையவை. தமிழில் வெகுமக்களுக்கான நூல்கள் பலவற்றில் அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் இடம்பெறுவதில்லை.

சொல்லடைவு: நூலின் இறுதியில் பெயர்களையும் பொருள்களையும் பக்க எண்ணுடன் தரும் சொல்லடைவு, ஆய்வாளருக்குப் பெரிதும் உதவுவது. ஐந்நூறு பக்க அரசியல் வரலாற்றில் அது இல்லாதபோது, ஓர் ஊரின் பெயரைத் தேட நூல் முழுவதையும் புரட்ட நேர்கிறது. சமையல் நூல்கள் பலவற்றில் பதார்த்தங்களின் பட்டியல் பக்க எண்ணுடன் இருக்க, வரலாற்று நூல்களில் அது இல்லாதிருப்பது வியப்புக்குரியது.

ஒப்பீடு: ஒரே பொருள் குறித்த இரண்டு நூல்களையேனும் ஒப்பிட வேண்டும். செய்முறை நூலாயின் செய்து பார்ப்பதே ஒப்பீடு. அளவு பிழையான சமையல் குறிப்பு அன்றே தெரிந்துவிடும். ஆண்டு பிழையான அரசியல் நூலோ, பிற நூல்களுக்கும் பரவிப் பல ஆண்டுகள் நிலைத்துவிடக்கூடும்.

பாதுகாப்பு

அபுனைவு நூல்கள் பயன்பாடு முடிந்ததும் எளிதில் எறியப்படுபவை. காலங்கடந்த கையேடு, எண்ணெய்க் கறை படிந்த சமையல் நூல், பழைய தேர்தல் துண்டு நூல் ஆகியவற்றை எவரும் பேணுவதில்லை. ஆயினும், ஒரு காலத்தின் விலைவாசி, உணவு, பேச்சு, நம்பிக்கை ஆகியவற்றைப் பின்னாளில் அறிய அவையே உதவுகின்றன.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் குறிப்பிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். 1896இல் திறக்கப்பட்ட சென்னைக் கன்னிமாரா நூலகம் அவற்றுள் ஒன்றாகும். சிறு பதிப்பகங்களும் தனியாரும் இதனை முறையாகக் கடைப்பிடிக்காததால் பல சிறுநூல்கள் அங்குச் சென்று சேர்வதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத இத்தகைய சிறுநூல்களும் பாதுகாக்கப்படுகின்றன. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் பேணும் நூலகம் திட்டம் 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள், எவரும் தடையின்றிப் படிக்கவும் மீண்டும் வெளியிடவும் கூடியனவாக உள்ளன.

வீட்டிலுள்ள பழைய அபுனைவு நூலொன்றைப் பேண விரும்புவோர், அதன் தலைப்புப் பக்கத்தையும், அச்சு விவரம் உள்ள பின்பக்கத்தையும் கிழியாது காப்பது முதன்மையானது. அவ்விரு பக்கங்களும் இல்லாத நூலில் தகவல் எஞ்சியிருக்கும். ஆனால் அது எந்தக் காலத்துக்கு உரியது என்பதை உறுதி செய்வது கடினமாகிவிடும்.